தொண்டர் பீரங்கிப் படை செய்த குற்றம் என்ன?

ஜனவரி மாதக் கடைசி வந்தால் எங்கள் பத்திரிகைகளில் யாராவது ஒருவர் 1962ஆம் ஆண்டு இராணுவச் சதியைப் பற்றி எழுதிவிடுவார். இந்த முறையும் இரண்டு கட்டுரை வாசித்தேன். யார் யார் கூடினார்கள், யார் காட்டிக்கொடுத்தார், யார் அழுதார் என்று எல்லாம் விலாவாரியாக இருந்தது. கடைசிப் பந்தியில் மட்டும் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே வசனம். சதியில் சம்பந்தப்பட்ட தொண்டர் படைப் பிரிவுகள் பின்னர் கலைக்கப்பட்டன என்று எழுதிவிட்டு முற்றுப்புள்ளி. இடிந்துபோன மதிலை அப்புறப்படுத்திய செய்தி போல.

அந்த ஒற்றை வசனத்தோடுதான் எனக்குச் சண்டை.

சதிக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. வாக்குப் பெற்று வந்த அரசைத் துவக்கு முனையில் இறக்கப் பார்த்தவர் எந்தக் கல்லூரியில் படித்தவராக இருந்தாலும், எவ்வளவு நன்றாகக் கிரிக்கெட் ஆடியவராக இருந்தாலும், செய்தது குற்றம். ஆனால் குற்றம் செய்தவர்கள் பெயர் ஊர் உள்ள ஆட்கள். அவர்களைப் பிடித்து விசாரிக்கலாம், தண்டிக்கலாம். ஒன்றும் அறியாத நூற்றுக்கணக்கான பேர் வேலை முடிந்து வந்து, வியர்வை சிந்தி, வருடக்கணக்கில் வளர்த்த ஒரு பீரங்கி ரெஜிமென்டை ஒரு பேனைக் கீறலில் இல்லாமல் ஆக்கியதற்குப் பெயர் தண்டனை அல்ல, சாட்டு. அது என்ன சாட்டு என்பதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் இந்தப் படை என்னவென்று சொல்லவேண்டும். தொண்டர் என்றால் திருவிழாவில் தண்ணீர்ப் பந்தலில் நிற்பவர் என்றுதான் எங்கள் பேரப்பிள்ளைகளுக்குத் தெரியும். வெள்ளைக்காரன் காலத்தில் 1870களில் சிலோன் ரைபிள் ரெஜிமென்ட் கலைக்கப்பட்ட பிறகு, 1949 வரை இலங்கைக்கென்று முழுநேரப் படை ஒன்று இருக்கவில்லை. இருந்தவர்கள் எல்லாரும் தொண்டர்கள். காலாட் தொண்டர்கள் 1881இல் தொடங்கினார்கள். பீரங்கித் தொண்டர்கள் 1888இல். 1910இல் இவை எல்லாம் இலங்கைப் பாதுகாப்புப் படை என்ற பெயரில் சேர்க்கப்பட்டன. 1918இல் பீரங்கித் தொண்டர்களுக்குச் சிலோன் கரிசன் ஆர்ட்டிலறி என்ற பெயர் வந்தது. பகலில் கந்தோரிலோ கொம்பனியிலோ பள்ளிக்கூடத்திலோ வேலை, மாலையில் அணிவகுப்பு, வருடத்துக்கு ஒரு முகாம், யுத்தம் வந்தால் முழுநேரம். இதுதான் ஏற்பாடு. 1949இல் இராணுவச் சட்டம் வந்து நிரந்தரப் படை உருவான பிறகும் தொண்டர் படை தனியாகவே இருந்தது. அதற்கென்று தனிக் கொமாண்டன்ட். மகாதேசாதிபதி கட்டளையிட்டால்தான் சேவைக்கு அழைக்கலாம். பீரங்கிப் படையிலும் அப்படியே, நிரந்தர ரெஜிமென்ட் வேறு, தொண்டர் ரெஜிமென்ட் வேறு.

ஒரு ரெஜிமென்டுக்குள் பல பற்றரிகள், பற்றரிக்குள் ட்ரூப்புகள், ட்ரூப்புக்குள் ஒவ்வொரு பீரங்கிக்கும் ஒரு குழு. காகிதத்தில் பார்த்தால் இவ்வளவுதான். ஆனால் பீரங்கி என்பது தனி ஒருவர் தூக்கி வைத்துச் சுடுகிற துவக்கு அல்ல. அந்த நாளில் எங்கள் பீரங்கிப் படையிடம் இருந்த 3.7 அங்குல விமான எதிர்ப்புப் பீரங்கியை எடுத்துக்கொள்ளுங்கள். குண்டு ஒன்றின் எடை 28 இறாத்தல். ஒருவர் திசையைப் பிடிக்க வேண்டும், ஒருவர் உயரத்தைப் பிடிக்க வேண்டும், ஒருவர் குண்டின் மூக்கில் உள்ள திரியை இத்தனையாவது செக்கனில் வெடி என்று திருப்பி வைக்க வேண்டும், வேறொருவர் தூக்கிப் போட வேண்டும். இவர்களுக்கு எண்களைக் கொடுப்பது தள்ளி நிற்கும் இன்னொரு குழு. அவர்கள் கையில் கணிக்கும் யந்திரம்.

எங்கள் கந்தோரில் எனக்கு மேலே இருந்த ஒரு கிளாக்கர் இந்தத் தொண்டர் பீரங்கிப் படையில் சார்ஜன்ட். வடக்கத்தி ஆள், வெள்ளவத்தையில் அறை எடுத்து இருந்தார். சார்ஜன்ட் அண்ணை என்றுதான் நாங்கள் கூப்பிடுவோம். அணிவகுப்பு நாளில் நாலரை மணிக்குக் கோப்புகளைக் கட்டி வைத்துவிட்டு, கழிவறைக்குள் போய்க் காக்கி மாற்றிக்கொண்டு வருவார். மினுக்கிய சப்பாத்து. நான் புதிதாகச் சேர்ந்தவன், வேடிக்கையாக ஏதோ கேட்டேன். அவர் எனக்குச் சொன்ன விளக்கம் இன்றும் மறக்கவில்லை: “தம்பி, பிளேன் இப்ப நிக்கிற இடத்துக்குச் சுட்டால் குண்டு வெறும் ஆகாயத்திலைதான் வெடிக்கும். அது வரப்போற இடத்துக்குச் சுடவேணும். அதுக்குத்தான் கணக்கு.” கணக்கைப் போட்டுப் பார்த்தால் புரியும். மணிக்கு 300 கிலோமீற்றர் வேகத்தில் போகிற விமானம், குண்டு மேலே போய்ச் சேரும் 20 செக்கனில் ஒன்றரைக் கிலோமீற்றருக்கு மேல் நகர்ந்துவிடும். யந்திரம் கணித்தாலும் அதற்குச் சரியான உயரத்தையும் திசையையும் விடாமல் ஊட்டுவது மனிதன். குழுவில் ஒருவன் தடுமாறினால் மற்ற எல்லாருடைய உழைப்பும் வீண்.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், தொண்டர் படை கொழும்புக் கனவான்களின் கிளப், சனிக்கிழமைப் பொழுதுபோக்கு என்று எழுதுகிறவர்களுக்காக. மெஸ்ஸில் விஸ்கி இருந்தது, மறுக்கவில்லை. மெஸ் ஒஃபிசர்களுக்கு. பீரங்கியடியில் நின்றவர்கள் கிளாக்கர்மார், மெக்கானிக்மார், ஆசிரியர்மார். சார்ஜன்ட் அண்ணையின் குழுவில் சிங்களவர், தமிழர், பறங்கியர், மலாயர் எல்லாரும் இருந்தார்கள். கட்டளை ஆங்கிலத்தில், ஏச்சு சிங்களத்தில், பகிடி மூன்று பாஷையிலும் என்று சொல்வார். 1958க்குப் பிறகும் அந்தக் குழு அப்படியே இருந்தது என்பதை வாசகர்கள் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். கொழும்பில் இருந்த எங்களில் பலர் அந்த வருடம் கப்பலில் காங்கேசன்துறைக்கு ஓடினோம்.

தொண்டனைச் சந்தேகத்தோடு பார்க்கும் பழக்கம் 1962இல் தொடங்கியது அல்ல. வெள்ளைக்காரனிடமிருந்து வந்த சீதனம் அது. 1915 கலவரத்தில் கொழும்பு நகரக் காவல் படையின் கப்டன் ஹென்றி பேதிரிஸைத் தேசத்துரோகி என்று வெலிக்கடையில் சுட்டுக் கொன்றார்கள். வயது 26. அவரும் தொண்டர்தான். பீரங்கிக்காரரின் முறை 1942இல் வந்தது.

அந்தக் கதையின் இடம் கொக்கோஸ் தீவுகள். எம்டன் என்ற சொல்லைக் கேட்டால் எங்கள் தலைமுறைக்கு உடனே விளங்கும். 1914 செப்டெம்பரில் சென்னையில் குண்டு போட்ட அதே ஜேர்மன் கப்பல், நவம்பரில் கொக்கோஸில் உள்ள கடலடித் தந்தி நிலையத்தை உடைக்கப் போய், அங்கேதான் அவுஸ்திரேலியக் கப்பல் சிட்னியிடம் அகப்பட்டு முடிந்தது. இரண்டாம் உலக யுத்தத்திலும் அந்தத் தந்திக் கம்பி முக்கியம். அதைக் காக்கச் சிலோன் கரிசன் ஆர்ட்டிலறியின் ஆட்களை இரண்டு 6 அங்குலப் பீரங்கியோடு ஹோர்ஸ்பரோ தீவில் கொண்டுபோய் விட்டார்கள். ஒவ்வொரு குண்டும் 100 இறாத்தல். சுற்றிலும் கடல். தென்னையைத் தவிர வேறில்லை. சிங்கப்பூர் விழுந்துவிட்டது. கொழும்பிலும் திருகோணமலையிலும் ஜப்பானியர் குண்டு போட்டுவிட்டார்கள். பற்றரிக்குப் பொறுப்பாக இருந்தவர் கப்டன் ஜோர்ஜ் கார்டினர், கொழும்பில் கணக்காளராக இருந்து யுத்தத்தால் ஒஃபிசரான வெள்ளையர்.

1942 மே 8ஆம் திகதி இரவு கிரேஷியன் பெர்னாண்டோ என்ற பொம்பாடியர் தலைமையில் ஒரு கூட்டம் எழும்பியது. ஒஃபிசர்களைப் பிடிப்பது, பீரங்கிகளை அடுத்த தீவில் இருந்த பிரித்தானியப் பக்கம் திருப்புவது, கிறிஸ்மஸ் தீவைப் பிடித்துவிட்ட ஜப்பானியருக்குச் செய்தி அனுப்புவது என்று திட்டம். திட்டம் சில மணித்தியாலத்தில் முடிந்தது. பெர்னாண்டோவின் பிரென் துவக்கு இறுகிக்கொண்டது. சக பீரங்கிக்காரர் ஒருவர் செத்தார். ஏழு பேருக்கு மரணதண்டனை விதித்து, நாலு பேருடையதைக் குறைத்து, மூன்று பேரை ஆகஸ்டில் வெலிக்கடையில் தூக்கிலிட்டார்கள். இரண்டாம் உலக யுத்தத்தில் பிரித்தானியப் பேரரசின் படைகளில் கலகத்துக்காகத் தூக்கிலிடப்பட்டவர்கள் இந்த மூவர் மட்டுமே.

பெர்னாண்டோவைச் சிலர் விடுதலை வீரன் என்கிறார்கள், சிலர் ஜப்பானியனுக்கு நாட்டை விற்கப் போனவன் என்கிறார்கள். அந்த விவாதத்தில் எனக்கு அக்கறை குறைவு. நாட்டுக்கு விடிவு கிடைத்திருக்காது, எஜமான் மாறியிருப்பான் என்பது என் அபிப்பிராயம். எனக்கு முக்கியம் வேறு. நிறம் பார்த்து நடத்துகிறார்கள் என்ற குறை அந்தத் தீவில் புகைந்துகொண்டே இருந்தது. அதைக் கேட்க மேலே ஒருவரும் இல்லை. கொழும்பில் வீட்டுக்குப் போய் வந்து சேவை செய்யப் பழகிய தொண்டனை ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் ஒரு மணல்திட்டில் போட்டு, நிரந்தரப் படைக்காரனுக்குள்ள பழக்கமும் இல்லாமல், வீட்டு ஆறுதலும் இல்லாமல் வைத்தால் என்ன நடக்கும் என்று எந்தத் தளபதியும் யோசிக்கவில்லை. கலகம் நடந்தபின் மேலிடம் எடுத்த முடிவு, பற்றரியை நடத்திய விதத்தைத் திருத்துவது அல்ல. இலங்கைப் படைப்பிரிவு எதையும் போர்முனைக்கு அனுப்பாமல் விட்டுவிடுவது. ஒரு பற்றரியில், அதிலும் ஒரு பகுதியினர் செய்ததற்குத் தீவு முழுவதற்கும் நம்பிக்கையீனம்.

இந்தப் பாடத்தைத்தான் இருபது வருடத்துக்குப் பின் எங்கள் சொந்த அரசு மனப்பாடம் செய்து ஒப்புவித்தது.

1962 ஜனவரி 27, சனிக்கிழமை. தொண்டர் படையின் கொமாண்டன்ட் கேர்ணல் மொரிஸ் டி மெல், அவருக்கு அடுத்த கேர்ணல் எஃப். சி. டி சேரம், பொலிஸ் பக்கத்தில் சி. சி. திசாநாயக்க என்று பெரிய தலைகள். டி சேரம் பீரங்கித் தொண்டர்களிலிருந்து வந்தவர். நிரந்தரப் படையின் 3ஆவது கள பீரங்கி ரெஜிமென்டுக்குப் பொறுப்பாக இருந்தவரும் உள்ளே. இரவில் அமைச்சர்களைப் பிடித்து அடைக்க இருந்தார்கள். பொலிஸ் அதிகாரி ஒருவர் வாய் திறந்ததால் மாலையிலேயே கதை முடிந்தது. ஒரு வெடிகூட வெடிக்கவில்லை. வழக்கில் நிறுத்தியவர்கள் 24 பேர். அவர்களில் 12 பேர் சிங்களவர், 6 பேர் தமிழர், 6 பேர் பறங்கியர்.

சார்ஜன்ட் அண்ணை அந்தச் சனிக்கிழமை தன் அறையில் சட்டை தோய்த்துக்கொண்டு இருந்தார். எங்களைப் போலவே அவரும் பிறகுதான் அறிந்தார். அவருடைய குழுவில் ஒருவருக்காவது முன்கூட்டித் தெரியாது. தெரிந்திருக்க வழியும் இல்லை, சதிகாரர் சார்ஜன்டுகளோடு ஆலோசிக்கிற சாதி அல்ல.

அதற்குப் பிறகு நடந்த சட்ட வேலை உலகப் பிரசித்தம். நடந்து முடிந்த செயலுக்குப் பின்னோக்கிப் பாயும் ஒரு சட்டத்தை அந்த வருடமே கொண்டுவந்தார்கள். முதல் இரண்டு விசாரணை மன்றுகள் தாமாகவே விலகின. மூன்றாவது மன்று 1965 ஏப்ரலில் 11 பேருக்குப் பத்து வருடச் சிறையும் சொத்துப் பறிமுதலும் விதித்தது. அதே வருடம் டிசம்பரில் லண்டன் பிரிவிக் கவுன்சில், குறிப்பிட்ட ஆட்களைக் குறிவைத்து நீதிமன்றத்தின் அதிகாரத்துக்குள் கைவைத்த சட்டம் செல்லாது என்று சொல்லி அத்தனை பேரையும் விடுவித்தது. லியனகே வழக்கு என்று சட்டக் கல்லூரியில் இன்றும் படிப்பிக்கிறார்கள்.

இப்போது திகதிகளை வரிசையாக வையுங்கள். பீரங்கிப் படையில் இருந்த ரெஜிமென்டுகளைக் கலைத்துக் கலந்து 4ஆவது ரெஜிமென்ட் என்று ஒன்றை 1963இல் உருவாக்கினார்கள். தொண்டர் பீரங்கி ரெஜிமென்ட் அத்தோடு சரி. தொண்டர் பொறியியல் பிரிவும் சமிக்ஞைப் பிரிவும் கூடக் கலைந்தன. அதாவது நீதிமன்றம் வாய் திறப்பதற்கு இரண்டு வருடம் முன்பே ரெஜிமென்டுக்குத் தண்டனை நிறைவேறிவிட்டது. சதிகாரர் என்று சொல்லப்பட்டவர்களுக்கு மூன்று மன்றும் ஒரு மேன்முறையீடும் கிடைத்தன. கடைசியில் வீட்டுக்கும் போனார்கள். சட்டை தோய்த்துக்கொண்டிருந்த மனிதனுக்கு உடுப்பைக் கணக்கெடுத்து ஒப்படைக்கச் சொல்லி ஒரு கடிதம் மட்டும் கிடைத்தது. அது மட்டுமல்ல, சில வருடம் கழித்துப் பதவி உயர்வு நேர்முகத்தில் ஒரு மேலதிகாரி “நீர் அந்த ரெஜிமென்ட் ஆள்தானே?” என்று கேட்டுச் சிரித்தாராம். அண்ணை திரும்பி வந்து கதிரையில் இருந்து, கோப்பைத் திறந்து, அரை மணித்தியாலம் ஒரு பக்கமும் புரட்டாமல் இருந்ததை நான் பார்த்தேன்.

அரசுக்குப் பயம் இருந்தது, அது நியாயமான பயம் என்பார்கள். சரி. அப்போதைய படை ஒஃபிசர்களில் கிறிஸ்தவரும் பறங்கியரும் தமிழரும் சனத்தொகை விகிதத்தைவிட அதிகம் என்பது உண்மை. கிராமத்துச் சிங்களப் பையனுக்கு அங்கே இடம் குறைவு என்பதும் உண்மை. டொனால்ட் ஹொரொவிட்ஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர் சதியில் ஈடுபட்டவர்களையே சந்தித்துப் பேசி 1980இல் ஒரு புத்தகம் எழுதினார். அந்த ஒஃபிசர்களின் மனக்குறை என்ன, கைநழுவிப் போகும் அந்தஸ்து என்ன என்பதெல்லாம் அதில் உண்டு. ஆனால் பரிகாரம் என்ன? கதவை அகலத் திறந்து ஹம்பாந்தோட்டைப் பையனையும் அந்தப் பீரங்கிக் குழுவுக்குள் கொண்டுவந்திருக்கலாம். அவன் அளவெட்டிப் பையனோடும் பம்பலப்பிட்டிப் பறங்கியோடும் சேர்ந்து அதே 28 இறாத்தல் குண்டைத் தூக்கியிருப்பான். அதைச் செய்யவில்லை. கலப்பாக இருந்ததைக் கலைத்தார்கள். 1956இல் சிங்க ரெஜிமென்ட் வந்திருந்தது. சதி நடந்த அதே 1962இல் கெமுனு வோச் வந்தது. பெயர்களைப் பார்த்தாலே யாருக்கான அழைப்பு என்று தெரியும், நான் விளக்க வேண்டியதில்லை. முன்பு சொன்னேனே சாட்டு என்று, அது இதுதான்.

முதல் இலங்கையர் இராணுவத் தளபதி ஒரு தமிழர் என்று இன்று ஒரு இளைஞனிடம் சொல்லிப் பாருங்கள். அன்ரன் முத்துக்குமாரு, 1955. அவரும் தொண்டர் காலாட் படையிலிருந்து வந்தவர்தான். கதை கட்டுகிறேன் என்று உங்களைப் பார்ப்பான். அவன் பிறந்து வளர்ந்த காலத்தில் இராணுவம் என்றால் ஒரே பாஷை. அது எப்படி அப்படி ஆனது என்று தேடுகிறவர்கள் 1983இல் தொடங்குகிறார்கள். நான் 1963இல் தொடங்குவேன்.

எங்கள் ஆட்களையும் விடமுடியாது. அது கொழும்புக் கிறிஸ்தவக் கனவான்களும் சிங்கள அரசும் பட்ட பாடு, எங்களுக்கு என்ன என்று அந்த நாளில் பேசியவர்கள் அதிகம். 1961 சத்தியாக்கிரகத்தில் யாழ்ப்பாணக் கச்சேரி வாசலில் இராணுவத்திடம் அடி வாங்கிய சூடு ஆறவில்லை, அதனால் இராணுவத்துக்குள் நடப்பது எதுவானாலும் அவர்கள் பாடு என்ற மனநிலை. விளங்குகிறது. ஆனால் காக்கி உடுத்த ஒரு தமிழன் சிங்களவனுக்குக் கட்டளையிட்டு, அவனும் அதை முகம் சுளிக்காமல் செய்த இடங்கள் அந்த நாளில் எத்தனை இருந்தன? இருந்த ஒரு சிலவற்றில் ஒன்றைக் கலைத்தபோது, சத்தம் போட வேண்டிய நாங்கள் பந்தயம் பார்ப்பவர்களைப் போல இருந்தோம்.

இனி அந்த ரெஜிமென்டை உயிர்ப்பிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. ஆள்களும் இல்லை, அந்தப் பீரங்கிகளும் காட்சிப் பொருளாகிவிட்டன. கேட்பது சிறிய விஷயம். இன்றைய இலங்கைப் பீரங்கிப் படை தன் பிறந்த வருடம் என்று எழுதிக்கொள்வது 1888ஐ. 1888இல் நிரந்தரப் படை ஏது? அந்த வருடம் தொண்டர்களுடையது. வருடத்தை எடுத்துக்கொண்டவர்கள் ஆட்களையும் எடுத்துக்கொள்ள வேண்டும். 1963இல் உடுப்பை ஒப்படைத்த ஒவ்வொருவரின் பெயரும் ரெஜிமென்டின் பதிவேட்டில் இருந்திருக்கும், உடுப்பைக் கணக்குப் பார்த்து வாங்கியவர்கள் பெயர்ப் பட்டியல் இல்லாமல் வாங்கியிருக்க மாட்டார்கள். அதை எடுத்து, இவர்கள் எந்தச் சதியிலும் இல்லை என்று ஒரு வரி மேலே எழுதி, படையின் வரலாற்று நூலில் அச்சிடட்டும். ஹோர்ஸ்பரோ தீவில் அந்த இரவு செத்த பீரங்கிக்காரரின் பெயரும், வெலிக்கடையில் தூங்கிய மூவரின் பெயரும் அதே நூலில் வரட்டும். சார்ஜன்ட் அண்ணை போய் இருபது வருடத்துக்கு மேல். அவருடைய பிள்ளைகள் இருவர் வெளிநாட்டில் இருக்கிறார்கள், அவர்களுக்கு ஒரு பிரதி அனுப்ப விலாசம் என்னிடம் இருக்கிறது.